முதலில் வரப்பு, பிறகு கார்!

சென்னையில் பத்து வருஷம் கார் ஓட்டியவளுக்குக் கொஞ்சம் கர்வம் இல்லாமல் இருக்குமா? எனக்கும் இருந்தது. சென்ற ஐப்பசியில் அதைத் தஞ்சைச் சீமையில் ஒரு வயலோரமாக இறக்கி வைத்துவிட்டு வந்தேன். காரின் ஒரு பாகத்தையும் கூடவே இறக்கி வைக்க நேர்ந்தது!

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் உறவுப் பெண்ணுக்கு வளைகாப்பு. பின் ஸீட்டில் அத்தை. அத்தையின் மடியில் முறுக்குத் தூக்கு. நீடாமங்கலம் தாண்டியதும் கைப்பேசி ஒரு குறுக்கு வழி காட்டியது. மூன்று கிலோமீட்டர் மிச்சமாம். திருப்பத்தில் டீக்கடைப் பெரியவர், "தார் ரோட்டுலயே போங்கம்மா, ராத்திரி நல்ல மழை" என்றார். அவரைவிடக் கைப்பேசிக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அரை கிலோமீட்டர் போயிருப்போம். இடது சக்கரங்கள் இரண்டும் வழுக்கி, வரப்பை உடைத்துக்கொண்டு வயலில் இறங்கின. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்றது. கார் மட்டும் கீழே போயிற்று. ஏதோ கருகும் வாசனை. "அடுப்பில் என்னடி வைத்தாய்?" என்றார் அத்தை. கருகியது கிளட்ச்!

மண்வெட்டியோடு ஒருவர் ஓடி வந்தார். நமக்கு உதவத்தான் வருகிறார் என்று பார்த்தால், காரைத் தாண்டிப் போய், உடைந்த வரப்பில் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தார். "நட்டு மூணு நாள்தான் ஆச்சு. தண்ணியோட நாத்தும் போவுது. முதல்ல வரப்பு, அப்புறம்தாம்மா காரு!"

அப்போதுதான் கவனித்தேன். பச்சை நாற்றுகள் மிதந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அத்தை தூக்கைக் கீழே வைத்தார். "பார்த்துக்கிட்டு நிக்கிறியே, போய் அந்த நாத்தைப் பிடிடி!" பட்டுப் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

வயல் சேறு மழையில் தானாக வந்ததல்ல. தண்ணீர் கட்டி, திரும்பத் திரும்ப உழுது, கட்டிகளைக் கரைத்துக் கூழாக்குகிறார்கள். நைந்த களிமண் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுவதால் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். நாற்றும் சுலபமாக வேர் பிடிக்கும். அத்தனை உழைப்பில் உண்டான சேற்றை நான் சபித்துக்கொண்டிருந்தேன்!

வரப்பு அடைபட்ட பிறகு டிராக்டர் வந்தது. அவசரத்தில் கயிற்றை முன் பம்பரில் கட்டினேன். டிராக்டர் இழுத்ததும் பம்பர் மட்டும் தனியாகப் புறப்பட்டது. இழுப்பதற்கென்றே ஒரு கொக்கி வளையம் சாமான் பையில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

தஞ்சாவூர் மெக்கானிக்கிடம் படித்த பாடத்தைக் கேளுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். டயரின் வெட்டுகளில் களிமண் அடைத்துவிட்டால் அது வழுவழுப்பான உருளைதான். ஆட்களை இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். சக்கரத்தின் முன்னால் உள்ள சேற்றை வழித்துவிட்டு, வைக்கோலோ தென்னை மட்டையோ சாக்கோ போடுங்கள். 32 பவுண்டு காற்றை 20-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படியும். ரோட்டுக்கு வந்ததும் மெதுவாகப் போய் மறுபடி நிரப்பிவிட வேண்டும். கிளட்ச்சை மெதுவாக விட்டு நகர்த்துங்கள்.

வெளியே வந்தபின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுவது முக்கியம். சக்கரத்தின் உட்புறம் சேறு காய்ந்தால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். ரேடியேட்டரில் அப்பினால் என்ஜின் கொதிக்கும். அச்சின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால் செலவு பெரிது. எனக்குக் கிளட்ச், பம்பர், ரப்பர் உறை மூன்றுமே புதிதாகப் போட வேண்டி வந்தது.

1941 அக்டோபரில் மாஸ்கோவை நோக்கிப் போன ஜெர்மன் ராணுவ வண்டிகளே சேற்றில் சிக்கித் திணறின. நான் எம்மாத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த விவசாயி? நாற்றுக்கும் மறுநடவுக் கூலிக்கும் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார். காரை இழுத்ததற்கு ஒரு பைசாவும் வாங்க மறுத்துவிட்டார்.

வளைகாப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். முறுக்கு மட்டும் நொறுங்காமல் வந்தது. திரும்பும்போது தார் ரோட்டில் டீக்கடை வாசலில் காரை நிறுத்தினேன். பெரியவர் பம்பர் இல்லாத காரைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.