பாட்டுக்கு முன் ரேடியோவைப் பாருங்கள்



2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். அதனால் மன்னாரில் நம்மில் பலர் பழைய ஜப்பான் கார், வேன்களையே திருத்தி ஓட்டுகிறோம். முதலில் கை வைப்பது பாட்டு செட்டில். போனில் உள்ள பாட்டும் பயானும் கேட்க ஆசை. அதில் தவறில்லை.

ஆனால் பழைய ஜப்பான் செட்டின் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் நாட்டு நிலையங்கள் பெரும்பாலும் 90க்கு மேலே. ரேடியோ ஊமையாகக் கிடக்கிறது. போன் பாடுவதால் அந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை.

நம்முடையது 1964 டிசம்பர் புயலைக் கண்ட கரை. காற்று அடித்தால் முதலில் கரண்ட் போகும்; பிறகு போன் சிக்னலும் போகும். அப்போது வானிலை எச்சரிக்கை கேட்க மிஞ்சுவது வாசலில் நிற்கும் வாகனத்தின் ரேடியோதான்.

ஆகவே நாம் சொல்வது இது. செட் நல்லதாக இருந்தால் கழற்ற வேண்டாம். ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் பூட்டினால், மேலே உள்ள அலைவரிசைகளை இறக்கி அந்தச் செட்டுக்குள் கொண்டு வரும். ஆக்ஸ் துளை இருந்தால் போனுக்கு ஒரு வயர் போதும். புதுச் செட்தான் என்றால், 108 வரை பிடிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வயரை வெட்டி முறுக்க விடாதீர்கள். பியூஸ் இல்லாமல் பூட்ட விடாதீர்கள்.

அடுத்த மழைக்கு முன், இன்றைக்கே உங்கள் வாகன ரேடியோவை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.