குதிரையிடம் பேச ரெண்டு மொழி: வெஸ்டர்ன், இங்கிலீஷ் சவாரியில் என்ன வித்தியாசம்?

2024 ஜூலை. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க சில நாள்தான் பாக்கி. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டன் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின் திடீரென விலகினார். பயிற்சியின்போது தரையில் நின்றபடி, ஒரு குதிரையின் கால்களில் நீளமான சாட்டையால் அவர் திரும்பத் திரும்ப அடித்த பழைய வீடியோதான் காரணம். பின்னர் அவருக்கு ஓராண்டு தடையும் வந்தது.

சாட்டை வைத்திருப்பது தப்பில்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

சைகை என்றால் என்ன?

'இப்படிப் போ' என்று குதிரைக்குச் சொல்லும் வழிதான் சைகை. உட்காரும் விதம், உடல் எடை, கால், கை, குரல் ஆகியவை இயற்கையான சைகைகள். சாட்டையும், பூட்ஸின் குதிகாலில் மாட்டும் முள்ளும் துணைக் கருவிகள். இது எல்லா சவாரிக்கும் பொது. ஆனா பயன்படுத்தும் முறை மாறும்.

இங்கிலீஷ்: எப்போதும் லைனில்

வேட்டை, ராணுவக் குதிரைப்படை ஆகியவற்றின் வழி வளர்ந்த முறை இது. டிரெஸாஜ், தடை தாண்டுதல் எல்லாம் இதில் அடங்கும். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்றதும் டிரெஸாஜில்தான்.

இதில் இரண்டு கையிலும் வார் இருக்கும். குதிரையின் வாயில் உள்ள இரும்புத் துண்டோடு கை எப்போதும் மென்மையான தொடர்பில் இருக்கும். கட் ஆகாத போன் கால் மாதிரி. இடப்பக்கம் திரும்ப இடது வார் வழிகாட்டும், வலது வார் அளவைக் கட்டுப்படுத்தும், கால்கள் உடலை வளைக்கும். டிரெஸாஜ் போட்டியில் குரல் கொடுத்தால் மார்க் போகும்.

வெஸ்டர்ன்: மெசேஜ் அனுப்பிட்டு விட்டுடு

ஸ்பெயினிலிருந்து மெக்ஸிகோ வழியாக அமெரிக்க மாட்டுப் பண்ணைகளுக்கு வந்த முறை இது. மாடு மேய்ப்பவருக்குக் கயிறு வீச ஒரு கை காலியாக இருக்கணும். அதனால் பழகிய குதிரைக்கு ஒரே கையில், தளர்ந்த வார். கையை இடப்பக்கம் நகர்த்தினால் வலது வார் கழுத்தில் உரசும். குதிரை அந்த உரசலிலிருந்து விலகி இடப்பக்கம் திரும்பும். நிற்க வைக்க, சேணத்தில் ஆழமாக உட்கார்ந்து 'வோ' என்றாலே போதும்.

இங்கே பெரும்பாலும் பயன்படும் கடிவாளம் நெம்புகோல் போல வேலை செய்யும். சின்ன இழுப்புகூட வாயில் பல மடங்கு அழுத்தமாக விழும். வார் தளர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திக்கிட்டா என்ன ஆகும்?

வெஸ்டர்ன் குதிரையின் வாரை விடாமல் பிடித்தால், 'நில்' என்று அது குழம்பலாம். இங்கிலீஷ் குதிரையின் வாரைத் திடீரெனத் தளர்த்தினால், வழிகாட்டுதல் போய்விட்டதாகத் தடுமாறலாம். 'குதிரை முரண்டு பிடிக்குது' என்று நாம் சொல்வது பல நேரம் இந்தக் குழப்பம்தான்.

அப்போ எது மென்மையானது?

முறையை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டிலும் குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் விலகும் நொடியில்தான்: 'ஓ, இதைத்தான் கேட்டாங்களா!' சரியாகச் செய்த பிறகும் அழுத்தம் தொடர்ந்தால், அதன் பார்வையில் அது தண்டனை. உடம்பில் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் உயிரினம் அது. அதற்கு உரக்கக் கத்த வேண்டியதில்லை.

முள்ளும் சாட்டையும் கால் சொன்னதைத் தெளிவாக்கும் கருவிகள். கோபத்தைத் தீர்க்க அல்ல. பதக்கம் வாங்கியவர் என்பதால் இந்த விதி மாறாது. ஒரு ரைடிங் கிளப்பில் சேரப் போகிறீர்களா? பயிற்சியாளர் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்று பார்க்காதீங்க. குதிரை சொன்னதைக் கேட்டதும் கையை எவ்வளவு சீக்கிரம் தளர்த்துகிறார் என்று பாருங்க.