சைதாப்பேட்டைக்கு ஒரு நீதி, தாம்பரத்துக்கு ஒரு நீதியா?

பஸ்சில் பர்ஸ் அடித்ததாக இரண்டு பேர் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சைதாப்பேட்டையில். இன்னொருவர் தாம்பரத்தில். இரண்டு பேருக்கும் கோர்ட்டில் 2 மாதம் ஜெயில் தண்டனை. தாம்பரத்து ஆள் செசன்சு கோர்ட்டில் அப்பீல் போடலாம். சைதாப்பேட்டை ஆளுக்கு அப்பீலே கிடையாது. "எனக்கு மட்டும் ஏன் சாமி?" என்று கேட்டால், "உன்னை விசாரித்தவர் பெரிய மாஜிஸ்திரேட்டு" என்பதுதான் பதில்!

இது கட்டுக்கதை அல்ல. 1974 ஏப்ரல் 1-ந் தேதி முதல் 2024 ஜூன் 30-ந் தேதி வரை இருந்த சட்டம் இதுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 'பிரசிடென்சி மாஜிஸ்திரேட்டு' என்று தனிப் பதவி இருந்தது. 1898-ம் ஆண்டு சட்டப்படி அவர் 6 மாதம் வரை ஜெயில் போட்டால் அப்பீல் இல்லை. 1973-ம் ஆண்டு சட்டம் அந்தப் பதவியின் பெயரை 'மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட்டு' என்று மாற்றியது. 6 மாதத்தை 3 மாதமாகக் குறைத்தது. அவ்வளவுதான். ஜெயிலானாலும், 200 ரூபாய் வரை அபராதமானாலும், இரண்டும் சேர்ந்தாலும் அப்பீல் இல்லை என்றது 376-வது பிரிவு. வெளியூர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு விஷயத்திலோ, 100 ரூபாய்க்குள் வெறும் அபராதம் என்றால் மட்டும்தான் அப்பீல் கிடையாது. ஒரே ஒரு நாள் ஜெயில் என்றாலும் அப்பீல் உண்டு.

சரி, நகரத்து மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமாவது கூடுதலா? அதுவும் இல்லை. இவருக்கும் 3 ஆண்டு ஜெயில்தான் உச்சம். அவருக்கும் அதேதான். பதவியின் அந்தஸ்து கூடியது. கூண்டில் நின்றவனின் உரிமை குறைந்தது. இன்னொரு வேடிக்கை. 2 மாதம் ஜெயிலோடு 200 ரூபாய் அபராதம் என்றால் அப்பீல் இல்லை. 500 ரூபாய் அபராதம் என்றால் உண்டு! "அபராதத்தைக் கூட்டிப் போடுங்க எசமான்" என்றா கெஞ்ச முடியும்?

'ரிவிஷன் மனு போடலாமே' என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். போடலாம்தான். ஆனால் அப்பீல் என்பது உரிமை. சாட்சிகள் சொன்னதை மேல்கோர்ட்டு முழுசாகப் புரட்டிப் பார்க்கும். ரிவிஷன் அப்படி அல்ல. கீழ்கோர்ட்டு சட்டப்படி நடந்ததா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். அதுவும் கோர்ட்டு மனசு வைத்தால். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை விதிக்கப்பட்டால், அப்பீல் போடப்போவதாகச் சொல்லி, தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே ஜாமீன் கேட்கலாம். அப்பீலே இல்லாதவன் எதைச் சொல்லிக் கேட்பான்? நேராகப் புழல்தான். ரிவிஷன் மனு விசாரணைக்கு வருவதற்குள் 2 மாதம் முடிந்து ஆள் வெளியே வந்துவிடலாம். வேலை போயிருக்கும். திருடன் என்ற பெயர் மட்டும் போகாது.

2024 ஜூலை 1-ந் தேதி வந்த புதிய சட்டத்தின் பெயர் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'. வாயில் நுழையாத பெயர்! ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட்டு என்ற பதவியே அதில் இல்லை. 417-வது பிரிவில் இருந்தும் அந்தப் பெயர் போய்விட்டது. இனி எழும்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் மாஜிஸ்திரேட்டு ஜெயில் தண்டனை கொடுத்தால் அப்பீல் உண்டு.

ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஜூலை 1-க்கு முன்பே நடந்துகொண்டிருந்த விசாரணைகளைப் பழைய சட்டப்படியே முடிக்க வேண்டும் என்கிறது 531-வது பிரிவு. அப்படியானால் பழைய கேசில் மாட்டியவனுக்குப் பழைய பூட்டுதானா? அப்பீல் உரிமை வழக்கு தொடங்கும் நாளிலேயே பிறந்துவிடுகிறது என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இருக்கிற உரிமையைப் புதுச் சட்டம் சத்தமில்லாமல் பறித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. புதிதாகக் கிடைத்த உரிமையைப் பழைய கேஸ்காரனுக்குக் கொடுக்காமல் இருக்க அதைச் சாக்காகக் காட்டக் கூடாது. பழைய கேசோ, புதுக் கேசோ, ஜெயில் என்றால் அப்பீல் உண்டு என்று மத்திய அரசு ஒரு வரியில் திருத்தம் கொண்டுவர வேண்டும். செசன்சு கோர்ட்டு கொடுக்கும் 3 மாதத் தண்டனைக்கு இன்னமும் அப்பீல் இல்லை. அதையும் அந்தத் திருத்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

திருத்தம் வரும்போது வரட்டும். இப்போது அப்பீல் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. தண்டனையைப் படிக்கும்போதே "உனக்கு அப்பீல் உண்டப்பா, 30 நாளைக்குள் போடு" என்று மாஜிஸ்திரேட்டு தமிழில் சொல்லிவிட்டால் என்ன? ஜெயில் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் அன்றைக்கே இலவசம். பைசா கொடுக்க வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தில் கேட்கலாம். ஜெயிலுக்குள் போய்விட்டவர் அப்பீல் மனுவை ஜெயில் அதிகாரியிடம் கொடுத்தால் போதும். கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பது அவர் பொறுப்பு.