"விற்கலாமே டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

போன வாரம் நான் பின்னிய ஒயர் கூடை ஒன்றையும், பக்கத்தில் ஒரு தட்டு முந்திரிக்கொத்தையும் வைத்துப் படம் போட்டிருந்தேன். வந்த பின்னூட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம். "விற்கலாமே டீச்சர்?" "ஆன்லைன்ல போடுங்க டீச்சர், பிச்சுக்கிட்டுப் போகும்." "ஆர்டர் எடுப்பீங்களா அக்கா?" என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்துவிட்டு இன்றைக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், கடைக்குப் பெயர்கூட யோசித்து அனுப்பிவிட்டான். எல்லாம் அன்பில் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். என் வீட்டுக்காரர் தினமும் காலை ஆறு மணிக்கு நடக்கப் போகிறார். "நல்லா நடக்குறீங்களே சார், இதுல நாலு காசு பார்க்கலாமே" என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அடுத்த தெருவில் என்னோடு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் சாயங்காலம் முழுக்கக் கேரம் ஆடுகிறார். மட்டைப்பந்து நடந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறது. அதையெல்லாம் பொழுதுபோக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை அடுப்படியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து ஆசைக்கு ஒன்றைச் செய்தால் மட்டும் அதற்கு விலைச்சீட்டு ஒட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அவள் நேரத்துக்கு ஏதாவது ஒரு பலன் இருந்தே ஆகவேண்டும் போலிருக்கிறது.

தையல் மிஷின் மிதித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களையும், முறுக்கு சுற்றிக் குடும்பத்தை நிறுத்தியவர்களையும் எனக்கு நிறையத் தெரியும். என் வகுப்பில் படித்த பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் அப்படித்தான். அவர்களை வைத்தே சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மா அதிரசமும் கைமுறுக்கும் சுட்டு விற்கிறார். மாவு, எண்ணெய், வெல்லம், விறகு, உடன் வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலி என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துத்தான் அவர் விலை வைக்க முடியும். நான் 1986-ல் வேலைக்குச் சேர்ந்தவள். பழைய ஓய்வூதியத் திட்டம். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். நான் கடை விரித்தால் என்ன செய்வேன்? கை நேரத்துக்குக் காசு கேட்கக் கூச்சப்படுவேன். "சாமான் காசு மட்டும் குடும்மா போதும்" என்பேன். அடுத்த வாரமே யாராவது அந்த அம்மாவிடம் போய், "டீச்சர் வீட்டில் இதைவிடக் கம்மியாச்சே" என்பார்கள். அவர் பிழைப்பில் நான் கை வைத்ததாகிவிடும். பொழுதுபோக்குக்காரர்கள் விற்க இறங்கினால் முதலில் அடிபடுவது அதையே நம்பி வாழ்கிறவர்கள்தான். ஆர்டர் கேட்டவர்கள் அந்த அம்மாவிடம் வாங்குங்கள். அவர் கைமுறுக்கு ஏழு சுற்று வரும். எனக்கு மூன்றுக்கு மேல் வராது.

சரி, விற்கவும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்குமே சர்க்கரை, பிறகு எதற்கு இந்த வேலை என்று என் மகளே கேட்கிறாள்.

பண்டிகைக்குச் செய்வது வேறு, ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்வது வேறு. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தீபாவளிக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இரவு பன்னிரண்டு மணி வரை பலகாரம் சுட்டவள் நான். அதில் ருசி பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. தீர்ந்தால் போதும் என்றிருக்கும். இப்போது கால் கிலோ சாமானுக்கு மேல் எதையும் எடுப்பதில்லை. பன்னிரண்டு உருண்டை வரும். எங்களுக்கு ஆளுக்கு ஒன்று, மிச்சம் தெருப்பிள்ளைகளுக்கு. முந்திரிக்கொத்து எங்கள் நெல்லைப் பக்கத்துப் பண்டம். பேரில்தான் முந்திரி. உள்ளே இருப்பது வறுத்து அரைத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் எள்ளும். மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து மாவில் முக்கிப் போட்டால் எண்ணெயில் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே வரும். அது மிதந்து வருவதை அவசரம் இல்லாமல் நின்று பார்க்க எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் பாகு. ஐந்தாம் வகுப்பில் "தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். சர்க்கரை கரைந்த தண்ணீர் அந்த நூறோடு நிற்பதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். ஒரு கம்பி, இரண்டு கம்பி, உருட்டுப் பதம் என்று நம் ஆச்சிமார் விரலில் தொட்டுப் பிரித்தது எல்லாம் அந்த ஏற்றத்தின் படிகள்தான். குளிர்ந்த தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருகிறதே, அந்தப் பதம் ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி. கடலை மிட்டாய்க்கு அதையும் தாண்டிப் போகவேண்டும். தண்ணீரில் விட்டு எடுத்த பாகைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சத்தத்துக்காகவே கடலை மிட்டாய் பிடிக்கிறது. (கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் செய்வதற்கு எந்தக் குறியீடும் கிடைக்காது, ஆனாலும் தட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.)

ஜாங்கிரிப் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்வார்கள். புளிப்புக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அவை நடுவில் புகுந்துகொள்வதால் சர்க்கரை மறுபடி கற்கண்டாக உறைய முடிவதில்லை. பாகு பாகாகவே நிற்கிறது. மைசூர்பாகில் கொதிக்கும் நெய்யை ஊற்றும்போது பொங்கி எழுகிறதே, மாவில் உள்ள ஈரம் நீராவியாகித் தப்பி ஓடும் வழிகள்தான் அந்தப் பொடிப்பொடி ஓட்டைகள். தட்டில் கொட்டியபின் நடுவில் சூடு சீக்கிரம் தணிவதில்லை. அதனால்தான் வெட்டிய துண்டில் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு பிள்ளை கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது அதன் முகம் எப்படி மாறுகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த முகத்துக்கு நான் என்ன விலை போட?

கைவேலைக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

கைபேசியைத் திறந்தால் ஐந்து நிமிடக் கைவேலை வீடியோக்கள் கொட்டுகின்றன. காலி பாட்டிலை எடு, சூட்டுப் பசைத் துப்பாக்கியால் மணியை ஒட்டு, தங்கப் பெயின்ட் அடி, ஜிகினா தூவு, பூச்சாடி தயார். பள்ளிகளில் இதற்குக் 'கழிவிலிருந்து கலைப்பொருள்' என்று போட்டி வேறு. கணக்குப் பார்ப்போம். அந்தப் பாட்டில் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால் உருக்கி இன்னொரு பொருளாகியிருக்கும். பெயின்டும் பசையும் ஜிகினாவும் ஏறியபின் அவரும் வாங்கமாட்டார். ஒரு கழிவை அழகுபடுத்த இருநூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, எதற்கும் ஆகாத கழிவாக்கியிருக்கிறோம். ஆறு மாதம் தூசி படிந்து அது குப்பைக்குத்தான் போகும். தெர்மாகோல் தாஜ்மகாலும் அப்படியே. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மறுநாளே தெர்மாகோல் அட்டையில் எரிமலை செய்து வரச் சொல்கிறோம்.

ஒயர் மட்டும் பிளாஸ்டிக் இல்லையா என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக்தான். ஆனால் என் அம்மா பின்னிய நெல்லிக்காய்க் கூடையில் இன்னும் நான் காய்கறி வாங்கி வருகிறேன். அம்மா போய் பதினெட்டு வருடம் ஆகிறது. செய்கிற பொருளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையை அது பல வருடம் செய்ய வேண்டும். கைவேலையில் நல்லது கெட்டதைப் பிரிக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

இதை எழுதினால் என் தோழி ஒருத்தி கட்டாயம் சண்டைக்கு வருவாள். ஆசிரியர் பயிற்சியில் பக்கத்துக் கட்டில் அவள். இயக்கத்துக் குடும்பம். "கைத்தொழில், கைத்தொழில்னு நீ பேசினா எனக்குக் குலக்கல்விதான் ஞாபகம் வருது" என்பாள். நியாயமான கோபம், இளையவர்களுக்குக் கதை தெரியாது என்பதால் சொல்கிறேன். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில், ஒரு கைத்தொழிலைச் சுற்றியே மொழியும் கணக்கும் கற்பிப்பது என்பது யோசனை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வந்தது வேறொன்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவேளை மட்டும் பள்ளிக்கூடம். மற்ற வேளையில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். நாவிதர் பிள்ளை கத்தியையும் சலவைத்தொழிலாளி பிள்ளை மூட்டையையும் தூக்கவா என்று பெரியார் எதிர்த்தார், தி.மு.க. போராடியது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லதுக்குத்தான். கைவிட்டிராவிட்டால் நான் இன்றைக்கு இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

தாமிரபரணிக் கரையில் மண்பாண்டம் செய்யும் ஊர் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் நான்காம் வகுப்பில் களிமண் கொடுத்து, பிடித்ததைச் செய்யுங்கள் என்றேன். பிள்ளைகள் யானை, பூனை, வண்டி என்று சத்தம் போட்டுக்கொண்டு செய்தார்கள். ஒரு பெண் மட்டும் மண்ணைத் தொடவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "இத நான் வீட்ல தினமும் மிதிக்கேன் டீச்சர். எனக்குக் கலர் பென்சில் தாங்க" என்றாள். கொடுத்தேன். பாடவேளை முடியும்வரை தலை நிமிராமல் ஒரு மயில் வரைந்தாள். உடம்பு முழுக்க ஊதா அடித்திருந்தாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்த மண் விளையாட்டு. அவளுக்கு அது வேலை. மண் ஒன்றுதான். ஒருவருக்குப் பிழைப்பாக வாய்த்ததை இன்னொருவர் ஆசையாக எடுத்துச் செய்யலாம். ஆனால் எதை எடுப்பது, எப்போது விடுவது என்பது செய்கிறவர் கையில் இருக்க வேண்டும். குலக்கல்வியில் இல்லாமல் போனது அதுதான். "விற்கலாமே" என்கிறீர்களே, அதிலும் அதுதான் போய்விடும். ஆர்டர் எடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை எனக்குப் பிடித்ததைச் செய்ய முடியாது. வாங்கினவருக்குப் பிடித்ததை, அவர் சொன்ன தேதிக்கு, போன தடவை வந்த அதே நிறத்தில் செய்தாக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்தவள் நான். இன்னொரு மணியை என் கையாலேயே வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

என் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குரோஷாவோ கோலமோ கருப்பட்டி அல்வாவோ, எதையாவது ஒன்றை யாருக்கும் கணக்குக் காட்டாமல் செய்யுங்கள். படம் எடுத்துப் போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது (நான் போடுகிறேன், அது என் பலவீனம்). சுமாராக வந்தாலும் தொடருங்கள். விற்பனைக்கு என்றால்தான் சுமாராக வரக்கூடாது.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு. புராஜெக்ட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். அதைச் செய்வது இரவு பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளையின் அம்மா. இல்லாவிட்டால் ஸ்டேஷனரிக் கடையில் ஆயத்தமாகத் தொங்குவதை வாங்கி வருவார்கள். வசதியில்லாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால் செய்யவிடுங்கள். கோணலாக வரட்டும். பழைய செய்தித்தாளும் கொஞ்சம் மைதாப் பசையும் போதும். முகமூடி, கிண்ணம், பூகோள உருண்டை எல்லாம் அதிலேயே வரும். ஒரு பங்கு மைதாவைக் கட்டியில்லாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்து, நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிண்டினால் பசை தயார். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் பைண்டு செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.