பிழைச்சுக்கிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஊரில் பெரியவர் யாருக்காவது ஸ்ட்ரோக் என்று போன் வந்தால், இங்கே புனேயில் உட்கார்ந்துகொண்டு நாம் கேட்கும் முதல் கேள்வி, "உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?" இல்லையாம் என்றதும் பாதி நிம்மதி. அடுத்த வேலை டிக்கெட் போடுவது. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி போதாது. அந்த மனிதர் அப்புறம் தானாக எழுந்து பாத்ரூம் போவாரா, தன் கையால் சாப்பிடுவாரா? அதையும் கேட்க வேண்டும். (நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். படித்ததைச் சொல்கிறேன்.)

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், கரைக்கும் ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மேலே ஏற்றி, வலை போன்ற ஸ்டென்டால் கட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். த்ராம்பெக்டமி என்று பெயர். 2013-ல் வந்த மூன்று ஆய்வுகள் இதனால் லாபமில்லை என்று கைவிரித்துவிட்டன. கருவிகள் மேம்பட்டு, ஸ்கேனில் அடைப்பைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. 2015-ல் ஐந்து ஆய்வுகள் வரிசையாக ஜெயித்தன.

அந்த ஐந்தையும் சேர்த்து 1287 பேரின் கணக்கை 2016-ல் லான்செட் வெளியிட்டது. மூன்று மாதம் கழித்து அடுத்தவர் துணையில்லாமல் வாழ்ந்தவர்கள், வழக்கமான மருத்துவம் மட்டும் கிடைத்தவர்களில் 26.5 சதவீதம். கட்டியையும் எடுத்தவர்களில் 46 சதவீதம். இறந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆக, "பிழைச்சுக்கிட்டாரா" என்று மட்டும் கேட்கிறவர் கண்ணுக்கு இந்தச் சிகிச்சையின் பலனே தெரியாது!

46 என்பது பாதிகூட இல்லையே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அம்மா பாளையங்கோட்டையில் தன் வீட்டில், தன் வாசல் கோலத்தோடு இருப்பதா, இல்லை பாஷை தெரியாத ஆயா கையில் நம் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் படுத்துக் கிடப்பதா? வெளியூரில் பிழைக்கிற குடும்பங்களுக்கு அந்தச் சதவீதத்தின் அர்த்தம் இதுதான்.

ஆரம்பத்தில் 6 மணி நேரத்துக்குள் என்றார்கள். 2018 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த டான் ஆய்வு, காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரைகூடப் பலன் உண்டு என்று காட்டியது (49 சதவீதம், எதிர்த்தரப்பில் 13). தூக்கத்திலேயே வந்துவிட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். அதற்காகக் காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்க முடியாது. பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன.

நம் வீடுகளில் நேரம் எங்கே போகிறது? சித்தப்பா நமக்குப் போன் போட, நாம் தம்பிக்குப் போட, எல்லோரும் பேசி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் காலி. முதல் போன் 108-க்கு, அடுத்ததுதான் நமக்கு என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் த்ராம்பெக்டமி செய்கிறார்கள் என்று நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். கடைசியாக நல்லபடியாக இருந்தது எத்தனை மணிக்கு என்று டாக்டர் கட்டாயம் கேட்பார், அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவு லட்சங்களில் வரும், இன்ஷூரன்ஸ் அட்டையின் நகல் எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் இருக்கட்டும். நாம் போய்ச் சேரும்வரை கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி தூங்கி எழட்டும் என்று ஸ்கேன் ரூம் வாசலில் யாரும் நிற்க வேண்டியதில்லை.