மடல் வெள்ளமும் வாசிப்புக் கருவியும்

ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்க, மறுப்புக்கு விளக்கம் எழ, அவை அனைத்தும் எழுத்திலேயே நிலைத்து நிற்கும் மன்றம் ஒன்று உண்டாயின் அறிஞர் உலகம் அதனைப் போற்றிக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. மின்னஞ்சல் மடற்குழுக்கள் அத்தகைய மன்றங்களே. இந்திய மொழிகளையும் பண்பாட்டையும் ஆராய்வோருக்கென 1990ஆம் ஆண்டில் தோன்றிய ‘இண்டாலஜி’ மடற்குழு இன்றும் நடைபெறுகின்றது.

எனினும், இத்தகைய குழுக்களிற் சேரும் நம்மவர் பலர் சில திங்களிலேயே விலகிவிடுகின்றனர். மடல்கள் மிகுதி, வாசிக்க நேரமில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். குற்றம் மடல்களின் மிகுதியில் இல்லை. அவற்றை வாசிக்கும் மென்பொருளை நாம் ஆராய்ந்து தெரிவு செய்யாமையிலேயே உள்ளது என்பது என் துணிபு.

இதனைப் பட்டறிந்தே சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய நூலொன்றின் முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டு குறித்து ஒரு குழுவில் வினா எழுப்பினேன். மடல்கள் வந்து குவிவதைக் கண்டு அஞ்சி, ஒரு நாளைய மடல்கள் அனைத்தையும் ஒரே கட்டாக அனுப்பும் ‘திரட்டு’ முறையை முன்னரே ஏற்றிருந்தேன். வெளியே ஒரு தலைப்பு. உள்ளே முப்பது மடல்கள். இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் கைவிட்டேன். விடை வரவில்லையென எண்ணி, நான் நம்பியிருந்த ஆண்டையே கட்டுரையில் எழுதி அச்சேற்றினேன். பல வாரங்களின் பின்னரே உண்மை தெரிந்தது. பெரியவர் ஒருவர் அந்நூலின் முகப்புப் பக்கத்தையே சான்று காட்டி என்னைத் திருத்தியிருந்தார். அவருடைய மடல் ஐந்தாம் நாள் திரட்டின் நடுவே கிடந்தது. அதற்கிடையில் என் மாணவர் சிலர் அப்பிழையான ஆண்டைத் தம் ஒப்படைகளிலும் எழுதிவிட்டனர். விடை அனுப்பியவர் மீது குறையில்லை. வாசிக்கும் வகையறியாத என் மீதே குறை.

ஆயின், எவற்றை நோக்கித் தெரிவு செய்வது? மூன்று பண்புகளைச் சொல்வேன்.

முதலாவது, பிரித்துவைத்தல். குழு மடல்களின் தலைப்பகுதியில் இன்ன குழுவினது என்னும் அடையாளம் பொறிக்கப்படுவதற்கு 2001ஆம் ஆண்டிலேயே பொது விதி வகுக்கப்பட்டது. அதனைக் கண்டு ஒவ்வொரு குழுவின் மடலையும் தனிக் கோப்புறையில் இடும் வடிகட்டி வேண்டும். வீட்டுக் கடிதமும் குழு மடலும் ஒரே பெட்டியிற் கிடப்பின் இரண்டும் கெடும்.

இரண்டாவதே தலையாயது, அஃது இழை. ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளக் குறி உண்டு. மறுமொழி எழுதும்போது, எம்மடலுக்கு அஃது மறுமொழி என்னும் குறியும் உடன் செல்கின்றது. இக்குறிகளைப் படிக்கவல்ல மென்பொருள், தாய் மடலின் கீழ் மறுமொழியையும் அதன் கீழ் அடுத்ததையும் மரக்கிளை போல் அமைத்துக் காட்டும். நூறு மடல்கள் பத்து இழைகளாகச் சுருங்கிவிடும்; வேண்டாத இழையை ஒரு விசையால் ஒதுக்கலாம். யார் யாருக்கு மறுமொழி கூறினார் என்பது தெரியாவிடின் விவாதமே விளங்காது. திரட்டு முறை சிதைப்பது இவ்விழையையே.

மூன்றாவது, மடல்கள் நம் கணினியிலும் தங்குதல்.

இவ்வளவைகொண்டு நோக்குவோம். 2004இல் வெளிவந்த ஜிமெயில் எளிது, தேடுதலில் வல்லது. ஆனால், உரையாடலை ஒரே வரிசையாக அடுக்குமேயன்றிக் கிளைகளைக் காட்டாது. தலைப்பு மாறினாலும் மடல்கள் நூற்றைக் கடந்தாலும் உரையாடலைத் துண்டித்துவிடும். 1995இல் தோன்றிய ‘மட்’ விசைப்பலகையாலேயே இயங்குவது. பல்லாயிரம் மடல்களையும் விரைந்து கையாளும். ஆயினும் அது இயங்கும் எழுத்துத் திரைகள் பலவற்றில் தமிழ் எழுத்துக்கள் செம்மையாகத் தோன்றுவதில்லை. நமக்கு இஃது பெருங்குறை. தண்டர்பேர்ட் இலவசமானது, இழையைக் கிளைகளாகக் காட்டுவது, வடிகட்டி உடையது, மடல்களை நம் கணினியிலேயே படியெடுத்து வைக்க உதவுவது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதனையே நான் பரிந்துரைப்பேன்.

வாட்ஸ்அப் இருக்க இவையெல்லாம் எதற்கு எனச் சிலர் வினவுவர். செய்தி சொல்ல அது போதும். ஆராய்ச்சி விவாதத்துக்குப் போதாது. ‘திஸ்கி’ என்னும் தமிழ் எழுத்துக் குறியேற்ற முறை 1990களின் இறுதியில் மின்னஞ்சற்குழு விவாதங்களின் வழியே உருவாயிற்று. இன்று நாம் கணினியிற் காணும் தமிழின் வரலாறு அத்தகைய மடல்களில் உள்ளது.

அவ்வரலாறு அழியவுங்கூடும். மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் யாஹூ குழுமங்களில் இயங்கின. பழைய மடல்களை நீக்கப்போவதாக அந்நிறுவனம் 2019 ஒக்ரோபரில் அறிவித்தது. 2020 டிசெம்பரில் அச்சேவை முற்றாக மூடப்பட்டது. உரிய காலத்தில் படியெடுக்கப்பட்டவை பிழைத்தன, ஏனையவை போயின. ஏடுகள் செல்லரித்ததற்காக வருந்தும் நாம், நம் கண்முன்னே மடல்கள் அழிவதைப் பாராதிருத்தல் முறையாகுமா?

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒருவரை மடற்குழுவிற் சேர்க்கும் அன்றே அவரை அருகிருத்தி, கோப்புறை பிரிக்கவும், இழை பற்றி வாசிக்கவும், மடல்களைத் தம் கணினியிற் சேமிக்கவும் கற்றுக்கொடுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும். பெரியவர் ஒருவர் மனமுவந்து எழுதும் விடை படிக்கப்படாமற் கிடப்பதைக் காட்டிலும் அவ்வரைமணி பெரிதன்று.