சமூக ஊழியர்களுக்கும் வேண்டும் கடல்கடந்த களப்பயிற்சி

சிங்கப்பூரிடம் கற்றுக்கொள்ள உலக நாடுகள் வருகின்றன. 1992ல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் 180க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 150,000க்கும் அதிகமான அதிகாரிகள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நம் பொறியாளர்களும் மருத்துவர்களும் அரசாங்க அதிகாரிகளும் வெளிநாடுகளில் பணியாற்றிப் பழகித் திரும்புகிறார்கள். எல்லை தாண்டிக் கற்பதன் அருமையை நன்கு உணர்ந்த நாடு இது. ஆனால் அந்த வாய்ப்பு எளிதில் எட்டாத ஒரு பிரிவினரும் இங்கு இருக்கிறார்கள். மாலையில் துணைப்பாட வகுப்பு நடத்தும் தொண்டூழியர், குடும்பச் சேவை நிலையத்தில் தமிழ் பேசும் முதியவரின் குறை கேட்கும் சமூக ஊழியர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆலோசனை சொல்பவர், ஆலய நிர்வாகக் குழுவிலும் பள்ளிவாசல் குழுவிலும் உழைப்பவர் ஆகியோரே அவர்கள்.

சிறுபான்மைச் சமூகத்தின் பொதுவாழ்வு இவர்கள் தோளில்தான் நிற்கிறது. இவர்கள் மூன்று மாதமோ ஆறு மாதமோ வேறொரு நாட்டின் சிறுபான்மை அமைப்பில் வேலை செய்து திரும்பவும், அங்குள்ளவர்கள் இங்கு வந்து பணியாற்றவும் நிலையான பரிமாற்றத் திட்டம் ஒன்று வேண்டும். அதைத் தொடங்கி நடத்தும் பொறுப்பைச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் தமிழ் அமைப்புகளும் ஏற்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இது நமக்குப் புதிதல்ல. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போ மாநாட்டில் உரையாற்றிய பிறகு சிங்கப்பூருக்கும் வந்தார். அவர் பேசிவிட்டுப் போனதோடு அது முடிந்துவிடவில்லை. 1932ல் இங்கு தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. திருவாரூரிலிருந்து 1924ல் இளைஞராக வந்திறங்கிய கோ. சாரங்கபாணி அதன் முன்னணிச் செயல்வீரர்களில் ஒருவரானார். 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதிப் பிரிவும் குடிப்பழக்கமும் பிளவுபடுத்திய உழைப்பாளர் கூட்டத்தை ஒரு சமூகமாகத் திரட்டும் வேலையில் அந்த நாளிதழும் சங்கமும் கைகோத்தன. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டப்பட்டது. 1957ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தயங்கி நின்ற தமிழர்களைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி சாரங்கபாணி வற்புறுத்தினார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டிலிருந்து கருத்து வந்தது. ஆனால் அந்தக் கருத்தை வைத்து இங்குள்ளவர்கள் கட்டியெழுப்பிய சங்கமும் பத்திரிகையும் பள்ளியும் சிங்கப்பூருக்கு உரியவை. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் 1946ல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியும் அப்படிப்பட்டதே. வெளியிலிருந்து பெற்ற அறிவைக் கொண்டு, இந்த நாட்டின் குடிமக்களாக உரிமையோடும் பொறுப்போடும் நிற்க நம் முன்னோர் கற்றுக்கொண்டார்கள். தாய்நாட்டு நினைவிலேயே தேங்கியிருந்த மக்களை வாக்களிக்கும் குடிமக்களாக மாற்றியதில் அந்தப் பரிமாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்றைய நிலை பலவகையில் சிறப்பானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காட்டினர். தமிழ் அதிகாரத்துவ மொழி. 1988 முதல் நடப்பிலுள்ள குழுத்தொகுதி முறை நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினரின் இடத்தை உறுதிசெய்கிறது. 2023 செப்டம்பரில் எல்லா இனத்தவரும் போட்டியிடக்கூடிய அதிபர் தேர்தலில் திரு தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். வேறெந்த நாட்டிலும் எளிதில் காண முடியாத பெருமை இது.

ஆயினும், உயர்ந்த பதவிகளில் நம்மவர் இருப்பதாலேயே அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் எல்லாரும் பொதுவாழ்வில் பங்கேற்கிறார்கள் என்று ஆகிவிடாது. பேட்டையில் பூங்காவை மாற்றியமைப்பது பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள் என்றால், ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி அங்கு போய்ப் பேசுகிறாரா? வாடகை வீட்டில் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய் பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கிறாரா? நலத்திட்டங்களின் பயனாளியாக இருப்பவர், அந்தத் திட்டம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் இடத்துக்கு எப்போது வருவார்? உதவி பெறுபவரைக் கருத்துச் சொல்பவராகவும், பிறகு பொறுப்பேற்பவராகவும் வளர்த்தெடுப்பது தனித் திறன். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் அது வந்துவிடாது. அதைப் பல நாடுகளில் பலர் பல விதமாக வளர்த்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழக வேண்டும்.

டொரோண்டோவை எடுத்துக்கொள்வோம். அந்த நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதோர். ஆனால் மருத்துவமனைகள், நூலகங்கள், அறநிறுவனங்கள் ஆகியவற்றின் நிர்வாகக் குழுக்களில் அவர்கள் குறைவாகவே இருந்தார்கள். மேட்ரீ என்ற அறநிறுவனம் இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ‘டைவர்சிட்டி ஆன்போர்டு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிறுபான்மையினரிலும் குடியேறிகளிலும் தகுதியானவர்களைத் தேடி, நிர்வாகக் குழு உறுப்பினரின் கடமைகளைப் பயிற்றுவித்து, ஆள் தேடும் குழுக்களோடு இணைத்துவைத்தது. ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரம் அது. நம் சமூக ஊழியர் ஒருவர் அங்கு சில மாதம் பணியாற்றினால், மொழித் தடையின்றி அந்த வேலையின் நுணுக்கங்களை உள்ளிருந்தே கற்கலாம்.

கேரளம் தரும் பாடம் வேறு. 1993ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் வலித்தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த முயற்சி மலப்புரம் மாவட்டத்தில் அண்டைவீட்டாரின் இயக்கமாகவே வளர்ந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் போகிறார்கள். அந்தந்த ஊர் மக்கள் தரும் சிறு நன்கொடைகளே செலவின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. முடிவெடுப்பவர்களும் ஊர் மக்களே. 2008ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே ஏற்றது. சிங்கப்பூரில் 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் முதியோரை யார் போய்ப் பார்ப்பது, எப்படி ஒழுங்கமைப்பது என்பதை மலப்புரத்தில் வீடு வீடாகச் சென்ற தாதியும் தொண்டூழியரும் நமக்குக் காட்ட முடியும். வளர்ந்த நாடு கேரளத்திடம் கற்க என்ன இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். பணம் குறைந்த இடத்தில்தான் மனிதர்களைத் திரட்டும் கலை கூர்மையடைகிறது.

கிழக்கு லண்டனில் 2001ல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் ஒன்றுசேர்ந்து, மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் துப்புரவு வேலை செய்வோருக்கு வாழப் போதுமான சம்பளம் கேட்டன. சிட்டிசன்ஸ் யூகே என்ற கூட்டமைப்பு அதன் பின்னணியில் இருந்தது. இங்கு துப்புரவுத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே அவர்களுடைய கோரிக்கை நமக்குத் தேவையில்லை. கோரிக்கைக்கு முன்னால் அவர்கள் செய்த வேலைதான் நமக்குத் தேவை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அமர்ந்து, அவருக்கு எது பாரம் என்று பொறுமையாகக் கேட்டு, பல சமயத்தார் ஒப்புக்கொள்ளும் ஒரு பொதுக் காரியத்தைக் கண்டெடுக்கிறார்கள். பல இன நாடான சிங்கப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எது?

கற்பதற்கு மட்டுமல்ல, கற்பிக்கவும் நம்மிடம் நிறைய இருக்கிறது. 1991ல் தொடங்கிய சிண்டா, இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகையைப் பெறுகிறது. குறைந்த சம்பளக்காரர் 1 வெள்ளி தருகிறார். மாதம் 15,000 வெள்ளிக்கு மேல் ஈட்டுபவர் 30 வெள்ளி தருகிறார். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். இப்படி நிலையான வருவாயை ஒரு சிறுபான்மைச் சமூகம் தானே திரட்டிக்கொள்வதும், மலாய், முஸ்லிம் சமூகத்துக்கான மெண்டாக்கி, சீன மேம்பாட்டு உதவி மன்றம், யுரேஷியர் சங்கம் ஆகியவற்றோடு இணைந்து பணியாற்றுவதும் மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இலங்கை மலையகத்திலும் உள்ள அமைப்புகள் நேரில் வந்து பார்க்கத் தக்கவை. அவர்கள் பீட்டி சாலையிலுள்ள சிண்டா அலுவலகத்தில் மூன்று மாதம் வேலை செய்து பார்க்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கும் பயன்படும்.

லிட்டில் இந்தியாவுக்கு இத்திட்டத்தில் தனி இடம் உண்டு. கடைக்காரரும் ஆலயத்துக்கு வரும் குடும்பங்களும் விடுமுறை நாளில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் வட்டாரம் அது. கொவிட்-19 காலம் நமக்கு ஒரு கடுமையான பாடம் புகட்டியது. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு அந்நோய் தொற்றியிருந்தது என 2020 டிசம்பரில் மனிதவள அமைச்சு அறிவித்தது. அச்சத்தில் இருந்த ஊழியர்களிடம் தமிழிலும் வங்காளத்திலும் பேச ஆட்களை அவசர அவசரமாகத் தேட வேண்டியிருந்தது. மருத்துவர்களும் தொண்டூழியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் மனமுவந்து ஓடிவந்தார்கள். அந்த உறவு ஆபத்து வருவதற்கு முன்பே வேரூன்றியிருக்க வேண்டும். ஊழியர்கள் இந்நாட்டில் வாக்களிப்பவர்கள் அல்லர். ஆனால் தங்கள் உடல்நலம், வேலையிடப் பாதுகாப்பு, தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றிப் பேச அவர்களை விடத் தகுதியானவர் யார்?

அதற்கான வழியும் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை, திருவாரூர் வட்டாரங்களிலிருந்து பலர் இங்கு வேலைக்கு வருகிறார்கள். முகவருக்குக் கட்ட வாங்கிய கடன் அங்கே தொடங்குகிறது. அதன் சுமை இங்கே தெரிகிறது. அந்த மாவட்டங்களில் வேலை செய்யும் மனநல ஆலோசகரும் தாதியும் இங்கு வந்து ஊழியர் உதவி அமைப்புகளோடு சில மாதம் பணியாற்றட்டும். நம் ஆலோசகர்கள் அங்கே சென்று, புறப்படவிருக்கும் இளைஞர்களுக்கு வேலை ஒப்பந்தம், காப்புறுதி, புகார் செய்யும் முறை ஆகியவற்றை எடுத்துச் சொல்லட்டும். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் இதற்குத் தக்க பங்காளியாகும்.

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முதலாவது, வெளிநாட்டுத் தலையீடு பற்றிய அச்சம். சிறிய நாட்டுக்கு அந்த அச்சம் நியாயமானதே. 2021ல் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தையும் 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதாவையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியதற்குக் காரணம் உண்டு. இன அடிப்படையிலான அமைப்புகள் தங்களுக்கு வரும் வெளிநாட்டு நன்கொடைகளையும் தொடர்புகளையும் தெரிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நாம் கேட்கும் திட்டம் அந்தச் சட்டங்களுக்குள் முழுமையாக அடங்க வேண்டும். பயணச் செலவும் படித்தொகையும் உள்நாட்டு நிதியிலிருந்தே வரட்டும். யார் எங்கே போகிறார், யார் எங்கிருந்து வருகிறார், என்ன கற்றார் என்பது ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். திறந்த வாசல் வழியாக நடக்கும் பரிமாற்றத்தை யாரும் சந்தேகிக்கத் தேவையில்லை.

இரண்டாவது வாதம், ஒரு சமூகத்தைத் தனியே வலுப்படுத்துவது பிற சமூகங்களிடமிருந்து அதைப் பிரித்துவிடும் என்பது. பேசத் தெரியாத சமூகம்தான் ஒதுங்கும், மனத்துக்குள் பொருமும். தன் தேவையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த சமூகம் அண்டைவீட்டாரோடு இணங்கி வேலை செய்யும். இருந்தாலும் இந்த ஐயத்தைத் திட்டத்தின் அமைப்பே போக்க வேண்டும். பயிற்சி பெற்றுத் திரும்புபவர் தமிழ் அமைப்பில் மட்டும் பணியாற்றினால் போதாது. தம் பேட்டையில் மலாய், சீன அண்டைவீட்டாரோடு சேர்ந்து ஒரு பொதுக் காரியத்தையாவது செய்து முடிக்க வேண்டும் என்பது கட்டாயமாகட்டும்.

மூன்றாவது, மாநாடுகள் இருக்கின்றனவே என்பது. பிணைப்புமிக்க சமூகங்கள் குறித்த அனைத்துலக மாநாட்டைச் சிங்கப்பூர் 2019, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் நடத்தியது. அத்தகைய கூட்டங்கள் தலைவர்களை ஒன்றுசேர்க்கின்றன, வரவேற்கத் தக்கவை. ஆனால் கரையில் நின்று பார்த்து நீச்சல் பழகியவர் எவருமில்லை. சில நாள் கேட்ட உரை, சில மாதம் செய்த வேலைக்கு ஈடாகாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆண்டுக்கு 20 பேரோடு திட்டம் தொடங்கட்டும். பட்டமும் பதவியும் தேர்வுக்கு அளவுகோலாக வேண்டாம். களத்தில் மூன்றாண்டுப் பணி போதும். தமிழில் நன்கு பேசக்கூடியவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும், ஏனெனில் அடைய வேண்டியவர்கள் தமிழ் பேசுபவர்கள். வேலையில் இருப்பவர் சம்பளம் இழக்காமல் போய்வர முதலாளிகள் இணங்க வேண்டும். போனவர் திரும்பி வந்து, இரண்டாண்டுக்குள் தாம் கற்றதை ஒரு பேட்டையில் நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும். எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பதை வெற்றியாகக் கணக்கிடக் கூடாது. இதுவரை வாய் திறக்காத எத்தனை பேர் பள்ளிக் குழுவிலும் வசிப்போர் குழுவிலும் இடம்பெற்றார்கள் என்பதே கணக்கு.

சிண்டா முன்னின்று அழைத்தால் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் மக்கள் கழக நற்பணிப் பேரவைகளும் ஒன்றுசேரும். கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு இந்த முயற்சிக்கு ஆதரவளித்து, உள்நாட்டில் திரட்டப்படும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக ஒரு வெள்ளி தர முன்வர வேண்டும். மாதந்தோறும் சிறு தொகை தரும் துப்புரவு ஊழியருக்கும் தம் சமூகத்தின் முடிவுகளில் பங்குண்டு. அந்தப் பங்கை அவர் கையில் கொடுக்கத் தெரிந்த ஊழியர்களை உருவாக்குவது நம் கடமை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும்போதே சிண்டா இதற்கென ஒரு தொகையை ஒதுக்கட்டும்.